காகிதத்தில் டி.என்.ஏ. போகும், கை போகாது

வாசகர் கேள்வி – பதில்

போன மாதம் வந்த பேட்டியில், ஜெர்மனியின் கீசன் நகரில் முனைவர் பட்டம் முடித்தேன், அதில் ஆறு மாதம் மாஸ்கோவில் இருந்தேன் என்று இரண்டு வரி சொல்லியிருந்தேன். அந்த இரண்டு வரிக்குத்தான் ஒரு கட்டு கடிதம் வந்திருக்கிறது. மற்றதையெல்லாம் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

*

டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. மேல் வேலை செய்யும் நொதிகளில் ஆராய்ச்சி செய்ய ஆசை. இரண்டு நாடுகள் சேர்ந்து நடத்தும் முனைவர் பட்டப் பயிற்சி என்று சொன்னீர்களே, அது என்ன? ஒரே பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து படித்தால் போதாதா?
– எம்.எஸ்சி. மாணவி, திண்டுக்கல்

பட்டத்துக்கு ஒரு பல்கலைக்கழகமே போதும். எனக்கும் பட்டம் கீசனில் மட்டும்தான். மாஸ்கோ தனியாக எதுவும் தரவில்லை.

ஜெர்மன் ஆராய்ச்சிக் கழகம், அதாவது டி.எஃப்.ஜி., ஒரு திட்டம் நடத்துகிறது. ஒரே பொருளில் வேலை செய்யும் பேராசிரியர்கள் சிலர் சேர்ந்து, தங்கள் மாணவர்களை ஒரு குழுவாகப் பயிற்றுவிப்பார்கள். அதிலேயே ‘பன்னாட்டு’ வகை என்றால் வெளிநாட்டில் ஒரு ஜோடிப் பல்கலைக்கழகம் இருக்கும். இங்கிருப்பவர் அங்கே ஏறக்குறைய அரை வருடம், அங்கிருப்பவர் இங்கே. அதிகபட்சம் ஒன்பது ஆண்டுதான் பணம் வரும், அப்புறம் கடையைக் கட்டிவிட வேண்டும். எங்கள் குழுவின் எண் 1384. பெயர் ‘நியூக்ளிக் அமிலங்களின் மேல் செயல்படும் நொதிகளும் பல்நொதிக் கூட்டமைப்புகளும்’. கீசனின் யூஸ்டுஸ் லீபிக் பல்கலைக்கழகமும் மாஸ்கோவின் லமனோசவ் பல்கலைக்கழகமும் ஜோடி.

ஏன் இந்த இரண்டு ஊர்? கீசனில் ஆல்ஃபிரெட் பிங்கூட் குழுவினர் டி.என்.ஏ.வை வெட்டும் நொதிகளில் பல வருடம் ஊறியவர்கள். புரதத்தைச் செய்வது, சுத்தப்படுத்துவது, அது எந்த வேகத்தில் வெட்டுகிறது என்று அளப்பது அவர்கள் கைவேலை. மாஸ்கோக்காரர்கள் வேதியியல் ஆட்கள். அங்கே பேராசிரியராக இருந்த ஸோயா ஷபரோவா காலத்திலிருந்தே டி.என்.ஏ. துண்டுகளை (ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வேதி எழுத்துகளின் கோவைதான் டி.என்.ஏ.) எழுத்து எழுத்தாகக் கோப்பது, நடுவில் ஒரு எழுத்தை மட்டும் வேண்டுமென்றே மாற்றி வைப்பது அவர்களுக்குப் பழக்கம். நொதி வந்து பிடித்தால் அப்படியே ஒட்டிக்கொள்ளும் ‘பசை’ எழுத்துகூட வைப்பார்கள். ஒருவரிடம் எலி, ஒருவரிடம் எலிப்பொறி.

சரி, தபாலில் அனுப்பிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். டி.என்.ஏ.வை அனுப்பலாம். வாட்மன் காகிதத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, நடுவில் சில மைக்ரோலிட்டர் பிளாஸ்மிடை, அதாவது ஜீனைச் சுமக்கும் வட்ட டி.என்.ஏ.வை, சொட்டி, காயவைத்து, சாதாரண உறையில் போட்டு அனுப்புவோம். வாங்கியவர் வட்டத்தைக் கத்தரித்து, சிறிது தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை பாக்டீரியாவுக்குக் கொடுப்பார். மறுநாள் தட்டில் புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். நொதி அப்படி வராது. வழியில் சூடானால் செத்துவிடும். அதனால் ஜீனைக் காகிதத்தில் அனுப்பி, நொதியை அங்கேயே செய்துகொள்ளச் சொல்வார்கள். அங்கேதான் வினை. எழுதிக் கொடுத்த செய்முறையை வரிக்கு வரி பின்பற்றியும் ஒருவருக்கு நொதி வரும், இன்னொருவருக்குக் கஞ்சிதான் வரும். எங்கே குலுக்க வேண்டும், எங்கே குலுக்கவே கூடாது என்பதெல்லாம் செய்முறைத் தாளில் ஏறாத சங்கதி. பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். அதனால்தான் ஆளையே அனுப்புகிறார்கள்.

மாஸ்கோவில் நான் கற்ற முதல் பாடம் ஒரு துண்டு. குளிக்கும் துண்டுதான். தனித்தனியாகச் செய்த இரண்டு டி.என்.ஏ. இழைகளை ஒன்றாகச் சேர்க்க, கலவையைச் சூடாக்கி மெதுவாக ஆறவிட வேண்டும். கீசனில் இதை மெஷினில் எண் தட்டி விட்டுவிடுவேன். அங்கே எனக்குச் சொல்லிக்கொடுத்த அம்மாள் பீக்கரில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, டியூபை அதில் மிதக்கவிட்டு, பீக்கரோடு துண்டில் சுற்றி மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். இட்லி மாவைப் போர்த்தி வைப்பது போல. மறுநாள் ஜெல்லில், அதாவது டி.என்.ஏ. துண்டுகளை நீளவாரியாகப் பட்டை பட்டையாகப் பிரித்துக் காட்டும் கூழில், பார்த்தால் ஒரே ஒரு பட்டை, கோடு கிழித்த மாதிரி.

*

என் மகள் நான்கைந்து வருடம் ஒரே ஒரு நொதியைப் பார்த்துக்கொண்டிருப்பாளாம். அப்படி என்னதான் இருக்கிறது அதில்? யாருக்கு என்ன பயன்?
– ஒரு தந்தை, கரூர்

ஐயா, என் அப்பா கேட்ட அதே கேள்வி. அவருக்குச் சொன்னதையே சொல்கிறேன்.

ஈகோ ஆர் ஃபைவ் என்று ஒரு நொதி. பாக்டீரியாவின் வீட்டுக் காவல்காரன். வைரஸ் உள்ளே விடும் டி.என்.ஏ.வில் ஜி-ஏ-டி-ஏ-டி-சி என்ற ஆறு எழுத்து எங்கே இருந்தாலும் நடுவில் வெட்டிவிடும். அந்த ஆறு எழுத்தும் நம் ‘விகடகவி’க்கு ஒன்றுவிட்ட தம்பி. எதிர் இழையை எதிர்த்திசையில் படித்தாலும் அதேதான் வரும். நொதியிலும் ஒரே மாதிரியான இரண்டு பாதிகள். ஆளுக்கு ஒரு இழை. பாக்டீரியா தன் சொந்த டி.என்.ஏ.வில் அந்த இடங்களில் எல்லாம் மெத்தில் என்ற சின்ன முத்திரையைக் குத்தி வைத்திருக்கும். முத்திரை இருந்தால் கத்தி இறங்காது.

இந்த ஆறு எழுத்து தற்செயலாக வருவது சராசரியாக 4,096 எழுத்துக்கு ஒரு முறை. லட்சக்கணக்கான எழுத்துகளில் அது எப்படித் தேடுகிறது? எங்கோ ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு, டி.என்.ஏ. மேலேயே வழுக்கிக்கொண்டு போகும், சில சமயம் தாவும். சரியான இடம் வந்ததும் டி.என்.ஏ.வை ஏறக்குறைய 50 டிகிரி வளைக்கும். வளைத்த பிறகும் மக்னீசியம் இருந்தால்தான் வெட்டு. மக்னீசியத்துக்குப் பதில் கால்சியம் கொடுத்தால் இடத்தைச் சரியாகப் பிடிக்கும், வெட்டாது. அரிவாளை ஓங்கியபடி நிற்கும் அய்யனார் சிலை மாதிரி அப்படியே நின்றுவிடும். அதனால் பிடிப்பதைத் தனியாக அளக்கலாம், வெட்டுவதைத் தனியாக அளக்கலாம். உங்கள் மகளுக்கு நான்கைந்து வருடம் போதவே போதாது.

பயனுக்கு வருகிறேன். இந்த வகை வெட்டும் நொதிகளுக்காக 1978-ல் வெர்னர் ஆர்பர், டேனியல் நாதன்ஸ், ஹாமில்டன் ஸ்மித் மூவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. மனித இன்சுலினை பாக்டீரியாவில் செய்ய முடிந்தது ஜீனை வெட்டி ஒட்டத் தெரிந்ததால். இன்னொன்று, எழுத்துப்பிழை திருத்தும் நொதிகள். பாக்டீரியா டி.என்.ஏ. நகல் எடுக்கும்போது பிழை விழுந்தால் மியூட்-எஸ் அதைக் கண்டுபிடிக்கும், மியூட்-எல் ஆள் கூப்பிடும், மியூட்-எச் வெட்டும். ஆனால் இரண்டு இழைகளில் எது பழசு, எது புதுசு என்று எப்படித் தெரியும்? புது இழையில் மெத்தில் முத்திரை இன்னும் விழுந்திருக்காது. மை காயாத பக்கம்தான் நகல் என்று அதைத் திருத்துகிறது. இதைத் துருவியவர்களில் ஒருவரான பால் மோட்ரிச் 2015-ன் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார். மனித உடலில் இதே வேலையைச் செய்யும் ஜீன்கள் பழுதானால் பெருங்குடல் புற்றுநோய் குடும்பத்தில் தலைமுறையாக வரும். லின்ச் நோய் என்று பெயர்.

என் அப்பா கடைசியில், “அப்போ நீ புரூஃப் ரீடரா?” என்று கேட்டார். ஆமாம் என்று விட்டுவிட்டேன்.

*

ஆர்.என்.ஏ.வில் வேலை செய்வது டி.என்.ஏ.வைவிடக் கஷ்டமா?
– ஆய்வு உதவியாளர், கோவை

உங்கள் விரல்தான் எதிரி. ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதி நம் தோலிலேயே இருக்கிறது. அதுவும் ஆர்.என்.ஏஸ்-ஏ மாதிரியான ஆட்கள் கெட்டிக்காரர்கள். ஆட்டோகிளேவில் வேகவைத்தாலும் ஆறியதும் மடிந்து எழுந்து உட்கார்ந்துவிடும். கையுறை போட்ட கையால் செல்போனைத் தொட்டால் கையுறையை மாற்றுங்கள். ஆர்.என்.ஏ.வுக்குத் தனி பைப்பெட், தனி மேஜை, முடிந்தால் தனி குணம்.

*

நான் படித்தது வேதியியல். உயிரியலில் ஒரு பேப்பர்கூட எழுதியதில்லை. என்னை எடுப்பார்களா?
– திருச்சி

சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் இயற்பியலில் பி.எச்டி. வாங்கிய பிறகு, கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் மறுபடி உயிரியல் மாணவராகப் போய் உட்கார்ந்தார். பின்னால் செல்லில் புரதம் செய்யும் இயந்திரமான ரைபோசோமுக்காக 2009-ல் நோபல். எழுத்து எழுத்தாக ஜீனைச் செய்த ஹர் கோவிந்த் கொரானா வேதியியல்காரர். இந்தத் துறைக்கு வேதியியல் தெரிந்தவர்கள் வேண்டும். உயிரியல் மட்டும் படித்த நாங்கள்தான் அம்புக்குறி போட்டு எலக்ட்ரானை நகர்த்தச் சொன்னால் விழிப்போம்.

*

கீசன் என்ற ஊரைக் கேள்விப்பட்டதே இல்லையே. பெர்லின், மியூனிக் என்று பெரிய இடமாகப் போயிருக்கலாமே?
– மதுரை வாசகர்

வேதியியலுக்கு அதைவிடப் பெரிய இடம் ஒரு காலத்தில் கிடையாது. 1824-ல் யூஸ்டுஸ் லீபிக் தன் 21-வது வயதில் அங்கே பேராசிரியராக வந்தார். ஒரு படைமுகாமின் காவல் கட்டடத்தைக் கொடுத்தார்கள். அதில்தான் மாணவர்களை வரிசையாக நிறுத்தி, கையாலேயே ஆராய்ச்சி செய்யவைத்துப் பழக்கினார். அதற்கு முன் வேதியியல் என்றால் பெரும்பாலும் உட்கார்ந்து கேட்பது. கட்டடக் கலை படிக்க வந்த, பின்னால் பென்சீன் வளையத்துக்குப் பேர்போன கெக்குலேயை வேதியியலுக்கு இழுத்ததும் அவர் பாடங்கள்தான். அந்தக் கட்டடம் இன்று அருங்காட்சியகம், ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே. ஐந்து குமிழ் வைத்த சின்னக் கண்ணாடிக் குழாய் ஒன்று அங்கே இருக்கும். கரிப்பொருளை எரித்தால் வரும் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து எடை பார்ப்பதற்கு. உள்ளங்கையில் அடங்கிவிடும். அதை வைத்து உலகத்தை வேலை வாங்கியிருக்கிறார் மனுஷன்.

வெளிநாட்டு மாணவர்கள் அப்போதே வந்தார்கள். ரஷ்யாவிலிருந்து வந்த வஸ்க்ரெசென்ஸ்கி திரும்பிப் போய் மெண்டலீவுக்கு ஆசிரியரானார். இன்னொருவர் ஸீனின், நைட்ரோபென்ஸீனிலிருந்து அனிலின் செய்துகாட்டியவர், பிற்பாடு ஓர் இளைஞனுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்தார். அந்த இளைஞனின் பெயர் ஆல்ஃபிரெட் நோபல். ஆக, கீசனுக்கும் ரஷ்யாவுக்கும் கொடுக்கல் வாங்கல் எங்கள் 1384-க்கு ஏறக்குறைய 170 வருடம் முந்தியது.

எக்ஸ் கதிர் ரோண்ட்ஜன் கல்லறையும் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை இல்லாவிட்டால் போய்ப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை அங்கே வேறு வேலை இருக்காது, கடையெல்லாம் மூடியிருக்கும்.

*

உங்கள் ஆராய்ச்சியில் தோல்வி உண்டா? மறைக்காமல் சொல்லவும்.
– பெயர் வேண்டாம், சேலம்

மறைக்க என்ன இருக்கிறது, தீசிஸில் மூன்றாம் அத்தியாயம் முழுக்க அதுதான்.

மாஸ்கோவில் மூன்றாவது வாரம். நானே சுத்தப்படுத்திய ஈகோ ஆர் ஃபைவ், அவர்கள் செய்த டி.என்.ஏ. ஒரு இடத்தில் வெட்ட வேண்டியது நாலைந்து இடத்தில் வெட்டியது. ஜெல்லில் ஏணி மாதிரி பட்டைகள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாற்றி வைத்த எழுத்தால்தான் நொதி குழம்புகிறது, இது புதுக் கண்டுபிடிப்பு என்று கீசனுக்கு நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதிவிட்டேன். வரைபடத்தோடு.

மறுநாள் துண்டு அம்மாள் என் பின்னால் வந்து நின்று நான் கலப்பதைப் பார்த்தார். ஆங்கிலம் அவருக்குக் கொஞ்சம்தான். “எவ்வளவு?” என்றார். மொத்தம் 20 மைக்ரோலிட்டர், அதில் நொதி 4 என்றேன். நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

நொதியை மைனஸ் 20 டிகிரியில் வைக்கும்போது உறையாமலிருக்க பாதிக்குப் பாதி கிளிசரால் சேர்த்திருப்போம். 20-ல் 4 ஊற்றினால் கலவையில் 10 விழுக்காடு கிளிசரால். 5-ஐத் தாண்டினாலே இந்த வெட்டும் நொதிகளுக்குப் போதை ஏறிவிடும். ஆறு எழுத்தும் சரியா என்று பார்க்காமல் ஐந்து பொருந்தினாலே வெட்டத் தொடங்கும். ‘ஸ்டார் ஆக்டிவிட்டி’ என்று பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. நானே எம்.எஸ்சி.யில் அதற்கு ஐந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். என் நொதி வீரியம் குறைவாக இருந்ததால் அதிகம் ஊற்றினேன். அதிகம் ஊற்றியதால் கிளிசரால் ஏறியது. நொதியை அடர்த்தியாக்கி 1 மைக்ரோலிட்டர் விட்டேன். ஒரே வெட்டு.

கீசனுக்கு அனுப்பிய அந்த மின்னஞ்சலைப் பற்றி யாரும் பேசவில்லை. மூன்று வருடம் கழித்து வைவா முடிந்ததும், ஜெர்மன் வழக்கப்படி லேப் நண்பர்கள் எனக்கு அட்டையில் டாக்டர் தொப்பி செய்து மாட்டினார்கள். அதன் உச்சியில் ஒரு ஏணி ஒட்டியிருந்தது.

*

மாஸ்கோவில் மொழி தெரியாமல் எப்படிச் சமாளித்தீர்கள்?
– புதுச்சேரி

பாடமும் கருத்தரங்கும் ஆங்கிலம். தீசிஸும் ஆங்கிலம். லேப்பில் நான்கு மணிக்கு எல்லோரும் கூடும்போது சொல்லும் சொல் ‘சாய்’. நம் சாயாதான். அதற்கு மேல் கையும் சாடையும்.

மெட்ரோவில் மட்டும் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டேன். அந்த மெட்ரோவுக்கும் எங்கள் துறைக்கும் ஒரு கதை உண்டு. 1966-ல் அலெக்ஸெய் ஆலவ்னிகவ் என்ற ஆய்வாளர், உடல் செல்கள் குறிப்பிட்ட தடவைதான் பிரியும் என்பதைப் பற்றி மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஒரு உரை கேட்டுவிட்டு நடைமேடையில் நிற்கிறார். ரயில் வந்து நிற்கிறது. தண்டவாளம் டி.என்.ஏ., ரயில் நகல் எடுக்கும் நொதி என்று வைத்துக்கொண்டால், ரயிலின் மூக்குக்கும் முதல் கதவுக்கும் நடுவில் உள்ள துண்டுக்கு நகல் எடுக்க முடியாதே! அப்படியானால் ஒவ்வொரு நகலிலும் டி.என்.ஏ.வின் நுனி கொஞ்சம் குறைந்துகொண்டே வர வேண்டும். 1971-ல் அதைக் கட்டுரையாக எழுதினார். குறையும் நுனியை நீட்ட ஒரு நொதி இருக்க வேண்டும் என்பது வரை சொன்னார். அந்த நொதிதான் டெலோமெரேஸ். அதற்கான 2009 நோபல் பிளாக்பர்ன், கிரைடர், ஷோஸ்டாக் மூவருக்கும் போனது. ஆலவ்னிகவ் பட்டியலில் இல்லை. மாஸ்கோ லேப்பில் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் சாயா ஆறிவிடும்.

*

சாப்பாடு? நான் சுத்த சைவம்.
– கும்பகோணம்

ஜெர்மனியில் ரொட்டியும் சீஸும். மாஸ்கோவில் கிரேச்கா என்று ஒரு தானியம், வேகவைத்து வெண்ணெய் போட்டுத் தருவார்கள். சாமைச் சோற்றுக்குப் பக்கத்தில் வரும். ஊறுகாய் கொண்டுபோங்கள்.

*

பணம் எவ்வளவு தருவார்கள்? கடன் வாங்க வேண்டியிருக்குமா?
– ஈரோடு

படிப்புக் கட்டணம் கிடையாது. அரையாண்டுக்கு ஒரு சிறு தொகை கட்ட வேண்டும், பல ஊர்களில் பேருந்து-ரயில் பாஸும் அதிலேயே வந்துவிடும். இப்போது உயிரியல் துறைகளில் மாணவரை ஊழியராகவே எடுக்கிறார்கள். அரசுச் சம்பள அட்டவணையில் ஒரு பட்டதாரி ஆய்வாளருக்கு உரியதில் 65 விழுக்காடு என்பது வழக்கம். மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் அதில்தான் பிடிப்பார்கள். 65 விழுக்காடு சம்பளத்துக்கு 65 விழுக்காடு நேரம்தானே என்று யாரிடமும் கேட்டுவிடாதீர்கள். கடன் வாங்கிக்கொண்டு பி.எச்டி.க்குப் போவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

*

கைடு எப்படித் தேர்ந்தெடுப்பது?
– வேலூர்

புகழைப் பார்க்காதீர்கள். அவரிடம் முன்பு படித்தவர்களுக்கு எழுதுங்கள். எத்தனை வருடத்தில் முடித்தார்கள் என்று கேளுங்கள். எனக்கு முன்னால் இன்னொரு இடத்தில் (ஊர் சொல்லமாட்டேன்) ஒரு வருடம் வீணாகப் போனது. கைடு என் பெயரையே இரண்டு மாதம் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார், நானும் திருத்தவில்லை. இந்தக் குழுப் பயிற்சிகளில் ஒரு நன்மை, மேற்பார்வைக்கு ஒருவருக்கு மேல் இருப்பார்கள். ஒருவரோடு ஒத்துப்போகாவிட்டால் போய்ப் பேச இன்னொரு கதவு இருக்கும். ஜெர்மனியில் கைடுக்குப் பழைய பெயர் ‘டாக்டர் அப்பா’. ஒரு அப்பாவே போதும் என்று பலர் நினைப்பார்கள்; படிப்பில் எனக்கு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

*

இப்போதும் கீசன்–மாஸ்கோ திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாமா?
– நாகர்கோவில்

முடியாது. அந்தக் குழுவின் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் டி.எஃப்.ஜி. ரஷ்யாவோடு கூட்டாக நடந்த ஆய்வுத் திட்டங்களையே நிறுத்திவைத்துவிட்டது. கூட வேலை செய்தவர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்து மட்டும் அனுப்பிக்கொள்கிறோம்.

இதே பொருளில் வேறு வாசல்கள் உண்டு. கோட்டிங்கனில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் மூலக்கூறு உயிரியல் பள்ளி, ஆர்.என்.ஏ.வைக் கத்தரித்து ஒட்டும் ஸ்பிளைசோசோமுக்கு அந்த ஊர் பேர்போனது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி முனைவர் வலைப்பின்னல்களும் இருக்கின்றன. அதில் ஒரு விதியைக் கவனியுங்கள்: எந்த நாட்டில் சேரப் போகிறீர்களோ அந்த நாட்டில் கடைசி 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. அங்கேயே எம்.எஸ்சி. படிக்கும் நம் பிள்ளைகள் பலர் இதில்தான் அடிபடுகிறார்கள். பக்கத்து நாட்டில் பார்க்க வேண்டும்.

*

பேராசிரியர்களுக்கு நாற்பது மின்னஞ்சல் அனுப்பினேன். ஒரு பதிலும் இல்லை. என்ன தப்பு செய்கிறேன்?
– தூத்துக்குடி

தம்பி, நீங்கள் அனுப்பிய மாதிரியைப் பார்த்தேன். “மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா, உங்கள் உலகப்புகழ் ஆய்வகத்தில்” என்று தொடங்குகிறது. நாற்பது பேருக்கும் அதேதான் போயிருக்கிறது என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது. பெயரைப் போடுங்கள். அவர் கடைசியாக எழுதிய கட்டுரையில் ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, அதில் உங்களுக்குப் புரியாத ஒன்றைக் கேளுங்கள். நீங்கள் கையால் செய்த ஒரு வேலையைச் சொல்லுங்கள். ‘புரதச் சுத்திகரிப்பு தெரியும்’ என்று வேண்டாம், எந்தப் புரதம், ஒரு லிட்டர் பாக்டீரியாவிலிருந்து எத்தனை மில்லிகிராம் கிடைத்தது என்று எழுதுங்கள். சரியாக வரவில்லை என்றால் அதையும் எழுதலாம். எட்டு வரிக்குள் முடியுங்கள். இணைப்பு ஒன்றே ஒன்று போதும். அந்தக் கோப்புக்கு ‘சி.வி. ஃபைனல் நியூ 3’ என்று பெயர் இருக்க வேண்டாம்.